ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று என்று இருப்பது ஏன்? இதை வேண்டுமென்றே குழப்பி வைத்தார்களா?

கேள்வியைப் பார்த்தால், வீட்டில் ஒரு பிள்ளை டிக்டேஷன் நோட்டு நிறைய சிவப்பு மையோடு வந்து நிற்கிறது என்று தெரிகிறது. நான் டியூஷன் வாத்தியார். ஆங்கிலத்தில் எம்.ஏ., அதுவும் அஞ்சல் வழியில். மொழியியல் படித்தவர்கள் யாராவது கீழே வந்து பாடம் எடுப்பதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன்.

யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுக் குழப்பவில்லை. எழுத்து ஓரிடத்தில் நின்றுவிட்டது, வாய் நிற்கவில்லை. அவ்வளவுதான். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அதுவரை ஊருக்கு ஒரு மாதிரி எழுதிக்கொண்டிருந்தார்கள். அச்சு வந்தபின் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக உறைந்துபோனது. ஆனால் ஏறத்தாழ 1400இலிருந்து 1700 வரைக்கும் ஆங்கிலேயர் வாயில் நெடில் உயிர்கள் எல்லாமே இடம் மாறிக்கொண்டிருந்தன. முன்பு 'நேம்' என்பது கிட்டத்தட்ட 'நாம'. 'டைம்' என்பது 'டீம'. 'ஹவுஸ்' வெறும் 'ஹூஸ்'. ஜெர்மன்காரரும் இத்தாலியரும் 'இ' என்று படிக்கிற எழுத்துக்கு ஆங்கிலேயர் 'ஐ' என்று பெயர் வைத்திருப்பதும் இந்த மாற்றத்தால்தான்.

கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்ற சொல்லின் தொடக்கத்தில் எழுதுகிற ஊமை 'கே' கூட ஒரு காலத்தில் ஊமை இல்லை. 'க்னீஃப்' என்று கே-யை முழுசாகவே உச்சரித்தார்கள். ஆங்கிலத்தில் 'நீ' என்கிற முழங்காலை ஜெர்மனியில் இன்றைக்கும் 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த ஒலி போனபோது எழுத்து ஏற்கெனவே புத்தகங்களில் ஏறிவிட்டது.

கடனைக் குறிக்கும் 'டெட்' விஷயம் வேறு. என் வயிற்றெரிச்சலும் அதில்தான் இருக்கிறது. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் 'பி' கிடையாது. இதன் மூலம் லத்தீன் 'டெபிடும்' என்று காட்டுவதற்காக, பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் படித்தவர்கள் ஒரு 'பி'யைச் சொருகினார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' இதைவிட மோசம். அது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல், லத்தீனோடு ஒட்டுமில்லை உறவுமில்லை. அதற்கும் ஓர் 'எஸ்' வைத்துவிட்டார்கள்.

இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் ஒரு பையனின் அப்பா வாசலில் வண்டியைக்கூட நிறுத்தாமல், "சார், கதை கேக்கவா ஃபீஸ் கட்றோம்? ஸ்பெல்லிங்கை நாலு தடவை எழுத வைங்க, போதும்" என்றார். கதை தெரிந்த பிள்ளை அந்த 'பி'யை மறக்காது சார் என்றேன். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. அந்த மாதக் கடைசியோடு பையன் நின்றுவிட்டான். ஃபீஸ் பாக்கி இன்னும் வரவில்லை. அபாகஸ் வகுப்புக்கும் ஸ்கூல் வேனுக்கும் முன்பணம் கட்டுகிறவர்கள், டியூஷன் வாத்தியாருக்கு மட்டும் "அடுத்த வாரம் ஜிபே பண்றேன்" என்பார்கள். சரி, விடுங்கள், இது நீங்கள் கேட்டது இல்லை.

"தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது" என்று யாராவது மார்தட்டினால் ஒன்று கேட்கிறேன்: 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் அப்படிப் பேசுகிறார்கள்? தமிழைக் குறை சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். எங்கே பேச்சு நகர்ந்து எழுத்து நின்றாலும் இந்த இடைவெளி வரும்.

திருத்திவிடலாமே என்பார்கள். அமெரிக்காவில் அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டர் முயன்றார். நிறத்தைக் குறிக்கும் 'கலர்' என்ற சொல்லிலிருந்து 'யு'வைத் தூக்க முடிந்தது. கத்தியின் 'கே'யை அங்கேயும் யாரும் எடுக்கவில்லை.

உங்கள் பிள்ளைக்கு, கே ஊமையாக வரும் சொற்களை ஒன்றாகச் சேர்த்துக் கொடுங்கள்: நைஃப் (கத்தி), நீ (முழங்கால்), நாட் (முடிச்சு), நாக் (தட்டுவது), நோ (தெரிவது). 'க்னைஃப்', 'க்னீ' என்று, பழைய ஆங்கிலேயர் மாதிரி கே-யை மட்டும் விடாமல், சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். எழுத்து விடாது. வகுப்பில் வாசிக்கும்போது மட்டும் அப்படிச் சொல்ல வேண்டாம் என்று காதில் போட்டுவையுங்கள்.