ஆறு வந்தது, கடைகள் எங்கே போயின?

கேள்வி: புதுப்பேட்டையில் எங்கள் கடை. அப்பா காலத்திலிருந்து பழைய கார் உதிரிபாக வியாபாரம். தென்கொரியாவின் சியோல் நகரத்தில் மேம்பாலத்தை இடித்து, அடியில் மூடிக் கிடந்த ஓடையை மீட்ட வீடியோவைப் பார்த்தேன். நம் கூவக்கரையையும் அப்படி ஆக்கினால் என்ன? இந்த நாற்றமும் நெரிசலும் எத்தனை நாளைக்கு?
- எஸ்.கே., சென்னை-2

பதில்: ஆக்கலாம். ஆனால் அந்த வீடியோவில் உங்களைப் போன்ற கடைக்காரர் ஒருவராவது பேசினாரா?

சொங்கேச்சொன் ஓடை சியோலின் நடுவே ஓடுவது. கொரியப் போர் முடிந்த காலத்தில் கரை முழுக்கக் குடிசைகள், தண்ணீர் முழுக்கச் சாக்கடை. 1958-ல் தொடங்கி அதைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். 1960-களின் இறுதியில் அதன் மேல் மேம்பாலச் சாலையும் எழும்பத் தொடங்கியது. அந்தச் சாலையின் இரு பக்கமும் மோட்டார், விளக்கு, போல்ட்-நட்டு, பழைய சாமான் என்று ஆயிரக்கணக்கில் கடைகள். 2002-ல் மேயரான லீ மியுங்-பாக், 2003 ஜூலையில் இடிக்க ஆரம்பித்து, 2005 அக்டோபரில் 5.8 கிலோமீட்டர் ஓடையைத் திறந்துவிட்டார்.

அங்கே நடந்திருக்கிறேன். அலுவலகம் விட்டு வருபவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கல்படியில் உட்கார்ந்து காலை நனைக்கிறார்கள். நாலைந்து தெரு தள்ளியிருக்கும் சாலையைவிடக் கோடையில் ஓடைக்கரை சுமார் 3 முதல் 6 டிகிரி வரை குளிர்ச்சி என்று அளந்திருக்கிறார்கள். நகர நடுவில் காசில்லாமல் உட்கார ஓர் இடம் கிடைப்பது பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. (அந்தத் தண்ணீர் தானாக வருவதில்லை. ஹான் ஆற்றிலிருந்தும் சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நீரிலிருந்தும் இறைத்து விடுகிறார்கள். கூவத்துக்கு அந்த வழி உதவாது. சாக்கடை வந்து விழுவதை நிறுத்துவதுதான் இங்கே வேலை.)

இனி, கடைக்காரர்கள் கதை. தெருவோரம் பழைய சாமான் விற்றவர்களை டொங்டேமுன் விளையாட்டரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். சில வருடங்களில் அந்த அரங்கத்தையும் இடித்துவிட்டு, ஸஹா ஹதீத் வடிவமைத்த பிரமாண்டக் கட்டடத்தை 2014-ல் திறந்தார்கள். வியாபாரிகள் மறுபடி மூட்டை கட்டினார்கள். கடை வைத்திருந்தவர்களுக்கு நகரின் தென்கிழக்கே சோங்பாவில் 'கார்டன் ஃபைவ்' என்று பெரிய வளாகம் கட்டினார்கள். விலை கட்டுப்படியாகாமல் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு.

ஓடைக்குத் தெற்கே உல்ஜிரோ சந்துகள். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கல்லூரிப் பையன் கையால் வரைந்த படத்தோடு வந்தான். லேத் பட்டறைக்காரர் பித்தளைத் துண்டைக் கடைந்து கொடுத்தார். அதே துண்டு பக்கத்துப் பட்டறையில் துளை வாங்கி, எதிர்க்கடைக்கு முலாம் பூசப் போனது. "இந்தப் பகுதியை ஒரு சுற்றுச் சுற்றினால் பீரங்கி வண்டியே செய்துவிடலாம்" என்பது அவர்கள் ஊர்ப் பேச்சு. ஒரு பட்டறையைப் பெயர்த்தெடுத்தாலும் மற்ற இரண்டும் படுத்துவிடும். ஓடை வந்தது, நில மதிப்பு ஏறியது, அடுக்குமாடித் திட்டங்கள் வந்தன. 2018 கடைசியில் சந்துகளை இடிக்கத் தொடங்கியதும் பட்டறைக்காரர்களோடு இளைஞர்களும் கலைஞர்களும் தெருவுக்கு வந்தார்கள். திட்டத்தை மறுபரிசீலனை செய்வதாக 2019 ஜனவரியில் அப்போதைய மேயர் அறிவிக்க வேண்டியதாயிற்று.

புதுப்பேட்டையும் அதே மாதிரி பின்னிய தொழில்தான். வண்டியைப் பிரிப்பவர், கதவையும் பம்பரையும் தனியாக வாங்குபவர், தகரத்தை எடைக்கு எடுப்பவர் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால்தான் பிழைப்பு ஓடுகிறது. கூவக்கரையில் குடியிருந்தவர்களை 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்ததைப் பார்த்தோமே! கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனவர்களுக்கு அங்கிருந்து பஸ் பிடித்து வருவதே பாதி நாள் வேலையானது.

ஆகவே பூங்காவுக்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள்: வண்டி பிரிக்கும் இடத்துக்குக் கான்கிரீட் தளம், கழிவு எண்ணெய் ஆற்றுக்குப் போகாமல் பிடித்து வைக்கும் தொட்டி, லாரி வந்து இறக்க இரவு நேரம், தடுக்காமல் நடக்கிற அகலத்துக்கு நடைபாதை, பெண்களும் போகக்கூடிய கழிப்பறை, நிழலுக்கு மரம். இருக்கிற வாடகைக்காரர்களின் பட்டியலை வரைபடம் போடும் முன்பே எடுத்து, வேலை முடிந்ததும் அதே தெருவில் கடை உண்டு என்று எழுதி வாங்குங்கள். சங்கமாகப் போய்க் கேளுங்கள். தனி ஆளாகப் போனால் காரியம் நடக்காது.

கேள்வி: மேம்பாலத்தை எடுத்த பிறகு சியோலில் போக்குவரத்து ஸ்தம்பிக்கவில்லையா?
- வாசகி, மதுரை

பதில்: பயந்த அளவுக்கு இல்லை. 2004 ஜூலையில் நகரத்தின் பேருந்து முறையையே மாற்றினார்கள். சாலை நடுவே பேருந்துக்கென்று தனித் தடம். நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று வழித்தடத்துக்கேற்ற நிறம். பேருந்துக்கும் ரயிலுக்கும் ஒரே அட்டை. பலர் காரை வீட்டில் விட்டார்கள். நம் ஊரில் சாலையைச் சுருக்கி நடைபாதை போடும் திட்டம் வந்தால், கூடவே எத்தனை பஸ் கூடுதலாக விடப்போகிறீர்கள் என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள்.