தனியே ஆட முடியாத ஒன்றை வையுங்கள்

கேள்வி: திருகோணமலை டச்பே கடற்கரையில் பின்னேரம் நல்ல சனம். ஆனால் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று அவரவர் தங்கள் கூட்டத்தோடு இருந்துவிட்டுப் போகிறார்கள். முன்பின் தெரியாதவர்களும் கதைக்கிற மாதிரி எங்கள் இளைஞர் கழகம் ஏதாவது செய்ய விரும்புகிறது. பெரிய தொடுதிரை ஒன்று வைக்கலாமா?

பதில்: தொடுதிரை வேண்டாம். உப்புக்காற்று அதை விட்டுவைக்காது. வேலை செய்தாலும் ஒருவர் தொடுவார், மற்றவர் முறைக்குக் காத்து நிற்பார், கதை பிறக்காது.

1970களில் நியூயோர்க்கின் சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர் வில்லியம் வைட். அறிமுகமில்லாத இருவரைக் கதைக்க வைப்பது பெரும்பாலும் அவர்கள் நடுவே இருக்கும் மூன்றாவது பொருளோ காட்சியோதான் என்று அவர் கண்டார். மொன்றியலில் 2011இல் வைத்த 21 ஊஞ்சல்கள் இன்னும் ஒரு படி மேலே போயின: ஆடும்போது ஒவ்வொன்றும் சுரம் எழுப்பும்; ஆனால் சில மெட்டுகள் பலர் சேர்ந்து ஆடினால் மட்டுமே கேட்கும்.

மின்சாரமே கேட்காத அப்படியொரு பொருள் நம்மிடமே இருக்கிறது: பல்லாங்குழி. சிங்களவர்கள் புத்தாண்டுக் காலத்தில் ஆடும் 'ஒலிந்த கெளிய'வும் இதே குடும்பத்து ஆட்டம்தான். குழிக்கு எத்தனை காய், எப்போது அள்ளலாம் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். அதனால் எதிரெதிரே இருப்பவர்கள் "உங்கட வீட்டில எப்படி?" என்று கேட்காமல் ஆட்டம் தொடங்காது. அந்தக் கேள்விக்காகவே இதைச் சொல்கிறேன். தயவுசெய்து விதிமுறைப் பலகை மட்டும் நட்டுவிடாதீர்கள்.

நடுவில் 14 குழிகளும் இருபுறமும் ஆள் இருக்க இடமுமாக, திண்ணை போல ஒரு சீமெந்து வாங்கு கட்டுங்கள். உள்ளே கம்பி வேண்டாம், துரு ஏறினால் சீமெந்து வெடிக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும் நீர் வடியத் துளை அவசியம், இல்லாவிட்டால் மாரி மழையில் நுளம்புதான் பெருகும். காய்க்குக் குன்றிமணி கூடாது, அது நஞ்சு. கரையில் பொறுக்கும் சிப்பி போதும், தொலைந்தாலும் கவலையில்லை. கடலைப் பார்க்க ஒதுக்குப்புறமாக வைக்காமல், கச்சான் விற்பவர் நிற்கும் நடைபாதையோரம் வையுங்கள். சுற்றி நின்று யோசனை சொல்பவர்கள் இல்லாமல் பல்லாங்குழி ஏது? இருட்டினாலும் பெண்கள் தயங்காமல் இருக்க நல்ல வெளிச்சம் வேண்டும்.

கடலின் உயர்நீர் எல்லையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. விண்ணப்பிக்க முன் மரத்தில் ஒன்று செய்து, ஒரு மாதம் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். எங்கே அதிகம் பேர் சுற்றி நிற்கிறார்களோ, அந்த இடத்துக்கே அனுமதி கேளுங்கள்.