ஏஐ ஏஜென்ட்டுகள் சரியாகப் பயன்படுத்தும்படி ஒரு டூலுக்கு டாக்குமென்டேஷன் எழுதுவது எப்படி?

"டாக்குமென்டேஷன் முழுசாக இருக்கிறது. ஆனாலும் ஏஜென்ட் தப்பான டூலை அழைக்கிறது, தப்பான மதிப்பை அனுப்புகிறது. இன்னும் விரிவாக எழுத வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

(ஏஜென்ட் என்பது கொடுத்த வேலையை முடிக்கத் தானே மென்பொருள்களை இயக்கும் ஏஐ. அது அப்படி அழைக்கும் ஒவ்வொரு சிறு மென்பொருளும் ஒரு டூல்.) விரிவாக எழுதினால் இது தீராது. நானும் ஒரு கட்டத்தில் அதைத்தான் செய்து, இருந்ததையும் கெடுத்துக்கொண்டேன்.

வாடிக்கையாளர் புகார்களைத் தேடித் தர ஒரு டூல் எழுதியிருந்தேன். இரண்டு தேதிகள் கொடுத்தால் இடைப்பட்ட நாட்களின் புகார்களைத் தரும். பாராமீட்டருக்கு, அதாவது டூலுக்கு அனுப்ப வேண்டிய மதிப்புக்கு, நான் எழுதிய விளக்கம் "தொடக்கத் தேதி", "முடிவுத் தேதி", அவ்வளவுதான். மார்ச் மாதத்தில் ஒரு நாள் "போன வாரம் என்னென்ன புகார் வந்தது?" என்று ஏஜென்ட்டிடம் கேட்டார்கள். அது மாதத்தை முன்னால் போட்டு 03/04 முதல் 03/10 வரை என்று அனுப்பியது. என் டூல் நாளை முன்னால் வைத்துப் படிக்கும். ஆகவே ஏப்ரல் 3 முதல் அக்டோபர் 3 வரை தேடியது. இன்னும் வராத நாட்களில் புகார் ஏது? காலிப் பட்டியல் திரும்பியது. "போன வாரம் புகார் எதுவும் வரவில்லை" என்று ஏஜென்ட் கூச்சமே இல்லாமல் அறிக்கை கொடுத்துவிட்டது.

ஏஜென்ட்டைத் திட்டத்தான் முதலில் தோன்றியது. ஆனால் "தொடக்கத் தேதி" என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு யாரால் சரியாக ஊகிக்க முடியும்? புதிதாகச் சேர்ந்த ஆளாக இருந்தால் பக்கத்து இருக்கையில் எட்டிப் பார்த்து, "இதில் தேதியை எப்படிப் போடணும்?" என்று கேட்டிருப்பார். ஏஜென்ட்டுக்குப் பக்கத்து இருக்கை கிடையாது. பெரும்பாலும் ஊகித்துவிட்டு நகர்ந்துவிடும். நாம் வாய்மொழியாகச் சொல்லிப் பழகி, எங்கேயும் எழுதாமல் விட்ட சங்கதிகள்தான் அதற்கு வேண்டியவை. மற்றதை அது ஓரளவு தானே பிடித்துக்கொள்ளும்.

அடுத்து நான் செய்த தப்பு, ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பக்கம் விளக்கம் எழுதியது. டூல்களின் பெயர், விளக்கம், ஸ்கீமா (எந்த மதிப்பு எந்த வடிவில் வேண்டும் என்ற வரையறை) எல்லாம் வழக்கமாக உரையாடல் தொடங்கும்போதே, ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாடலின் கான்டெக்ஸ்டில், அதாவது அது ஒரே நேரத்தில் பார்க்கும் உரையில், ஏறி உட்கார்ந்துவிடும். பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் டோக்கன் (மாடல் உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு) செலவு உண்டு. இருபது டூலுக்கு இருபது பக்கம் என்றால், பயனர் கேட்ட ஒரு வரிக் கேள்வி அந்தக் காகிதக் குவியலுக்கு அடியில் போய்விடுகிறது. டூலின் வரலாறு, பெருமை, உள்ளே எந்த டேட்டாபேஸ் ஓடுகிறது என்பதையெல்லாம் வெட்டி எறிந்தேன்.

மிஞ்சியது ஏழெட்டு வரி. அதில் நான் அதிகம் யோசித்து எழுதியது, எப்போது இதை அழைக்கக் கூடாது என்ற வரி: "ஒரே ஒரு புகாரின் எண் கையில் இருந்தால் இது வேண்டாம், புகார் விவரம் தரும் டூலை அழைக்கவும்." ஒன்றுபோல் தெரியும் இரண்டு டூல்கள் இருக்கும் இடத்தில் இந்த ஒரு வரி செய்யும் வேலையை ஒரு பக்க விளக்கம் செய்வதில்லை. புகாரின் நிலை போன்றவற்றுக்கு, அனுமதிக்கும் மதிப்புகளின் பட்டியலை ஜேசான் ஸ்கீமாவிலேயே கொடுத்துவிடலாம். உரைநடையில் வர்ணிக்க வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான இடம்: எரர் மெசேஜ். டாக்குமென்டேஷனிலேயே கவனமாகப் படிக்கப்படும் பகுதி அதுதான், ஏனென்றால் தப்பு நடந்த அதே நொடியில் கண்ணில் படுகிறது. "தவறான உள்ளீடு" என்று மொட்டையாகச் சொன்னால் ஏஜென்ட் அதையே இன்னொரு முறை அனுப்பிப் பார்க்கும். "தேதி 2025-03-04 என்ற வடிவில் வேண்டும், வந்தது 03/04" என்றால் பெரும்பாலும் அடுத்த அழைப்பிலேயே திருத்திக்கொள்கிறது. எதிர்காலத் தேதி வந்தாலும் இப்போது என் டூல் காலிப் பட்டியல் தராது, எரர்தான் தரும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையிலும் (ஏஐயை டூல்களோடு இணைப்பதற்கான பொது விதிமுறை) இதே எண்ணம் இருக்கிறது. டூலுக்குள் நடக்கும் பிழையை, பிழை என்ற குறியோடு பதிலுக்குள்ளேயே வைத்து அனுப்பச் சொல்கிறது, மாடல் அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளட்டும் என்று.

உங்களுடையது கமாண்ட் லைன் டூல் (கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்குவது) என்றால் இன்னும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். "தொடரவா?" என்று கேட்டுவிட்டு விசைக்காகக் காத்திருக்கும் இடங்களில் ஏஜென்ட் அப்படியே நின்றுவிடும். கேள்வியைத் தவிர்க்கும் ஃப்ளாக் (கட்டளையோடு சேர்த்து எழுதும் குறி) ஒன்று வைத்து, அதை ஹெல்ப்பின் முதல் சில வரிகளிலேயே சொல்லுங்கள். வேலை தோற்றும், டூல் முடியும்போது தரும் எண்ணான எக்ஸிட் கோட் 0 (வெற்றி என்று பொருள்) வந்தால், எந்த விளக்கமும் அதை ஈடு செய்யாது.

எல்எல்எம்எஸ் டாட் டிஎக்ஸ்டி, ஏஜென்ட்ஸ் டாட் எம்டி போன்ற கோப்புகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரண்டும் ஏஐ படிப்பதற்காக வைக்கும் குறிப்புகள்: முதலாவது இணையதளத்துக்கு, இரண்டாவது கோட் ரெப்போவுக்கு (நிரல் கோப்புகளின் தொகுப்புக்கு). வைத்தால் நல்லதுதான், ஆனால் உங்கள் சிக்கல் அங்கே இல்லை.

சோதிக்க, ஏஜென்ட்டோடு புதிய செஷன் (பழைய உரையாடல் எதுவும் இல்லாதது) ஒன்றைத் திறந்து, நிஜமான வேலைகள் பத்து கொடுத்து, ஒவ்வொரு அழைப்பையும் உட்கார்ந்து படியுங்கள். சலிப்பான வேலைதான். ஏஜென்ட் சறுக்கும் இடத்தில் உடனே ஒரு வரி சேர்க்காமல், அதன் ஊகம் நியாயமானதா என்று பாருங்கள். என் டூலில் 'யூசர்' என்ற பாராமீட்டருக்கு அது திரும்பத் திரும்ப ஆளின் பெயரை அனுப்பியது. எனக்கு வேண்டியதோ எண். விளக்கத்தைத் தொடாமல் பாராமீட்டரின் பெயரை 'யூசர் ஐடி' என்று மாற்றினேன், நின்றுவிட்டது.

அழிக்கும் வேலையை மட்டும் டாக்குமென்டேஷனை நம்பி விடாதீர்கள். "கேட்காமல் அழிக்க வேண்டாம்" என்று எழுதினால் ஏஜென்ட் பெரும்பாலும் அதன்படி நடக்கும், ஆனால் அந்த வரி பூட்டு அல்ல. எங்கள் ஏஜென்ட்டிடம் இருக்கும் ஏபிஐ சாவிக்கு (சிஸ்டத்தை அணுகத் தரும் கடவுச்சொல் போன்றது) அழிக்கும் அனுமதியே கிடையாது.