மேம்பாலத்தில் வண்டி பின்னால் உருளுது: 38 வயதில் கியர் கார் பழக முடியுமா?

தாராளமாக முடியும். பயிற்சிப் பள்ளியில் ஒழுங்காக ஓடியது, சொந்தக் காரில் பெரம்பூர் மேம்பாலத்தில் நின்று கிளம்பினால் ஆஃப் ஆகிறது என்கிறீர்கள். அதற்கு வயது காரணமில்லை. பள்ளி வண்டியில் பயிற்சியாளர் பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. பாதி வேலையை அவர் காலே பார்த்திருக்கும்!

வண்டி நிற்கும்போதும் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றுகிறது, சக்கரம் அசைவதில்லை. இரண்டையும் பிரிப்பதும் இணைப்பதும் கிளட்ச்தான். அதைப் படக்கென்று விட்டால் மொத்த பாரமும் இன்ஜின் மேல் விழுந்து அணைந்துவிடும்.

முதலில் சமதரையில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெல்ல விட்டு வண்டியை ஊர்ந்து போகவிடுங்கள். குதிகாலை ஊன்றிக்கொண்டால் கால் நடுங்காது. அப்புறம் ஏற்றம்: ஹேண்ட் பிரேக், முதல் கியர், லேசாக ஆக்சிலரேட்டர். கிளட்சை விடும்போது ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனக்கும், பானெட் கொஞ்சம் தூக்கும். காலை அங்கேயே நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை விடுங்கள், உருளாது. சிக்னலில் அரை கிளட்சிலேயே (கிளட்சைப் பாதி மிதித்தபடியே) நிற்காதீர்கள், கிளட்ச் தட்டு தேய்ந்து கருகல் வாடை வரும்.

எண்ணூர் விரைவுச் சாலை இப்போதைக்கு வேண்டாம். துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பழகுவது தேவையில்லாத வேலை. ஞாயிறு விடியற்காலையில் அதே மேம்பாலம் போதும்.