பக்கவாதத்தில் குளூட்டமேட் ஏன் எதிரியாகிறது?

ரத்தம் நின்றால் மூளைச் செல் பட்டினியால்தானே சாகிறது, குளூட்டமேட் எங்கே வந்தது என்று கேட்கிறீர்கள். பட்டினி பாதிக் கதைதான்.

சாதாரண நாளில் குளூட்டமேட் நல்ல பிள்ளை: ஒரு நரம்புச் செல் அடுத்ததைத் தட்டியெழுப்ப விடும் துளி. வேலை முடிந்ததும் சுற்றியுள்ள செல்கள் அதை உறிஞ்சிவிடும். ரத்தக்குழாய் அடைத்தால் சில நிமிடங்களில் செல்லின் எரிபொருளான ஏடிபி தீர்கிறது. சோடியத்தை வெளியே இறைக்கும் பம்பு நிற்கிறது. குளூட்டமேட் கொட்டுகிறது. கொடுமை, உறிஞ்ச வேண்டிய வாய்களே திசைமாறித் துப்புகின்றன! குளூட்டமேட் பட்டால் திறக்கும், செல்லின் மேலுள்ள என்எம்டிஏ கதவுகள் திறந்தே கிடக்க, கால்சியம் வெள்ளமாகப் புகுந்து, செல்லை உள்ளிருந்தே அறுக்கும் நொதிகளை எழுப்பிவிடுகிறது.

சரி, கதவை மருந்தால் அடைத்தால்? எலியில் பலித்தது, மனிதரில் செல்ஃபோடெல் போன்றவை தோற்றன. நோயாளி வந்துசேர்வதற்குள் வெள்ளம் பாய்ந்துவிடுவது ஒரு காரணம். அதனால் இன்றும் முதல் வேலை அடைப்பை நீக்குவதுதான். கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம்.