எம்.எஸ். நோய் இருக்கவங்க பாட்டு போட்டு நடக்கலாமா? கேளுங்க, சொல்றேன்

நான் பிசியோதெரபிஸ்ட், நரம்பு கேஸ்தான் அதிகம் பாக்குறேன். எம்.எஸ்.னா மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புங்கள பாதிக்கிற நோய். அத பத்தி வந்த கேள்விங்களுக்கு ஒவ்வொண்ணா வரேன்.

கேள்வி: பாட்டு கேட்டா மனசு லேசாகும், சரி மேடம். காலுக்கு என்ன சம்பந்தம்?

கல்யாண வீட்ல தவில் சத்தம் கேட்டா நீங்க நினைக்காமலே கால் தாளம் போடும்ல, அந்த சம்பந்தம்தான். எம்.எஸ்.ல நரம்பு மேல இருக்க மைலின் உறை கெட்டுப்போய் சிக்னல் மெதுவா, சிலசமயம் தாறுமாறா போகுது, அதனால அடி ஒண்ணு சின்னதா விழும் ஒண்ணு பெருசா விழும், வெளியில இருந்து சீரா ஒரு தாளம் வந்தா அடுத்த அடி எப்ப வைக்கணும்னு மூளைக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. பெல்ஜியத்துல ஹாசெல்ட், கென்ட் யுனிவர்சிட்டிக்காரங்க எம்.எஸ். இருக்கவங்கள 12 நிமிஷம் பாட்டோட, மெட்ரோனோமோட (டிக் டிக்னு சீரா தாளம் தட்டுற கருவி), சத்தமே இல்லாமன்னு நடக்க வச்சு பாத்தாங்க. பாட்டு போட்டப்பதான் நடக்குற ஆர்வம் கூடுச்சு.

கேள்வி: அக்கா, எந்த பாட்டு போடணும்? எனக்கு குத்துப்பாட்டுதான் புடிக்கும்.

குத்துப்பாட்டே போடுங்க, ஆனா முதல்ல அடிய எண்ணுங்கப்பா. வழக்கமா நடக்குற வேகத்துல 30 செகண்டு நடங்க, ரெண்டு காலும் சேத்து எத்தன அடின்னு பாத்து ரெண்டால பெருக்குங்க. 45 வந்தா நிமிஷத்துக்கு 90 அடி, அதே மாதிரி நிமிஷத்துக்கு 90 தாளம் விழுற பாட்டுதான் உங்களுக்கு. பாட்டோட வேகத்த காட்டுற மொபைல் ஆப்ப அப்படியே நம்பாதீங்க, 90 பாட்ட சிலசமயம் 180னு காட்டும், கையத் தட்டி எண்ணிப் பாத்துக்கங்க. பழகினப்புறம் பாட்டு வேகத்த ரெண்டு, நாலு சதவீதம்னு ஏத்தலாம். எடுத்த உடனே வேகமான பாட்டு போட்டா அடி குட்டியாகி தடுக்கும், இங்கதான் நிறைய பேர் கோட்ட விடுறாங்க.

கேள்வி: அம்மாவுக்கு தள்ளாட்டம் ஜாஸ்தி. வீட்லயே ட்ரை பண்ணலாமா?

தனியா வேணாம். உடம்பு தள்ளாடாம பாத்துக்குற சிறுமூளை பாதிச்சிருந்தா தாளத்தோட ஒட்டுறதே கஷ்டம், அத புடிக்கப் போய் விழுந்துடுவாங்க. முதல்ல தெரபிஸ்ட் பக்கத்துல நிக்கணும்.

கேள்வி: சாயங்காலம் ரோட்ல ஹெட்போன் போட்டு நடக்குறேன், பத்து நிமிஷத்துல கண்ணு மங்குது.

ரோட்ல ஹெட்போனே வேணாம் தம்பி, ஹாரன் கேக்காது. கண்ணு மங்குறது உடம்பு சூட்டால இருக்கலாம், 1890லயே ஊட்ஹாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் எழுதி வச்சிருக்கார். சூடு ஏறினா கெட்டுப்போன நரம்புல சிக்னல் இன்னும் தடுமாறும், பொதுவா உடம்பு ஆறினா சரியாகும். காலைல நடங்க, நடுவுல உக்காருங்க. ஆறியும் மங்கல் போகலன்னா டாக்டர்கிட்ட ஓடுங்க.

கேள்வி: சில நாள் எந்திரிக்கவே முடியல. அன்னைக்கு?

அன்னைக்கு மனசுல நடங்க, கிண்டல் இல்ல. ஆஸ்திரியால இன்ஸ்ப்ரூக்ல தாளத்த கேட்டுக்கிட்டே நடக்குற மாதிரி கற்பனை பண்ண வச்சாங்க, தினம் 17 நிமிஷம், வாரத்துக்கு ஆறு நாள், நாலு வாரம். நடையும் தேறுச்சு, களைப்பும் குறைஞ்சுதுன்னு 2017ல ரிசல்ட் வந்துச்சு. உக்காந்து செய்ங்க, படுத்துட்டு வேணாம். என்கிட்ட வர ஒருத்தர் ரெண்டாவது நிமிஷமே குறட்டை விட்டுட்டார்.