18 பாயின்ட்டை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

கேள்வி: என் மகள் தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். லித்தியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் உள்ள ஒற்றுமைகள் என்று 18 பாயின்ட் கொண்ட மெட்டீரியலைக் கோச்சிங் சென்டரில் கொடுத்திருக்கிறார்கள். நாலு நாள் உருப்போட்டும் அவளுக்கு நிற்கவில்லை. என்ன செய்வது?

பதில்: உருப்போட்டால் நிற்காது. காரணம் ஒன்றுதான், அது புரிந்தால் போதும். தனிம வரிசை அட்டவணையில் வலப்பக்கம் போனால் அயனி (மின்னேற்றம் பெற்ற அணு) சிறுக்கும், கீழே இறங்கினால் பெருக்கும். லித்தியத்திலிருந்து வலப்பக்கம் ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம் போனால் மெக்னீசியம். சிறுத்ததும் பெருத்ததும் சரிக்குச் சரி ஆகிவிடுகிறது. லித்தியம் அயனியின் ஆரம் 76 பிக்கோமீட்டர், மெக்னீசியத்துக்கு 72. லித்தியத்தின் சொந்தத் தொகுதியில் அடுத்து இருக்கும் சோடியத்துக்கோ 102.

சின்ன அயனி பக்கத்திலுள்ள கார்பனேட்டைப் பிடித்து இழுத்துக் குலைத்துவிடும். அதனால்தான் மெக்னீசியம் கார்பனேட்டைப் போலவே லித்தியம் கார்பனேட்டும் சூட்டில் பிரிகிறது, சோடியம் கார்பனேட் லேசில் பிரிவதில்லை. லித்தியம், மெக்னீசியம் இரண்டின் நைட்ரேட்டையும் சூடாக்கினால் பழுப்புப் புகை வருவதும் இதனால்தான்.

அந்த மெட்டீரியலில் 'இரண்டின் ஹைட்ராக்சைடும் நீரில் குறைவாகவே கரையும்' என்று இருக்கும், பாருங்கள். பிள்ளைகள் விழும் குழி அதுதான். 100 மில்லி தண்ணீரில் லித்தியம் ஹைட்ராக்சைடு சுமார் 12 கிராம் கரையும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடு ஒரு மில்லிகிராம் கரைந்தால் பெரிது. சிலி நாட்டின் அட்டகாமா உப்புப் படுகையில் லித்தியம் எடுக்கும் வேலையில் இந்த வித்தியாசம்தான் கைகொடுக்கிறது. உவர்நீரில் மிஞ்சியிருக்கும் மெக்னீசியத்தைச் சுண்ணாம்பு சேர்த்து ஹைட்ராக்சைடாகப் படியவைத்துவிடுவார்கள். லித்தியம் கரைசலிலேயே நிற்கும். அப்புறம் சோடியம் கார்பனேட் சேர்த்து அதைத் தனியே எடுப்பார்கள். 'ஒற்றுமைகளை எழுதுக' என்று மட்டுமே வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தால் இதெல்லாம் எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இன்னொன்று. 'நீட்டுக்குக் கட்டாயம்' என்று சொல்லி இதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2024 நீட் பாடத்திட்டத்திலேயே, லித்தியமும் மெக்னீசியமும் வரும் எஸ்-தொகுதிப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். பழைய நோட்ஸுக்குப் புது அட்டை போட்டு விற்கும் ஏஜென்ட்கள் இதைச் சொல்லமாட்டார்கள். உங்கள் மகளுக்கு இது பள்ளித் தேர்வுக்குத்தான் வேண்டும், அதற்குப் பாடப்புத்தகமே போதும்.

இன்று இரவு அட்டவணையை முன்னால் வைத்து, புத்தகத்திலுள்ள ஒவ்வொரு ஒற்றுமைக்கும் அவளையே காரணம் சொல்லச் சொல்லுங்கள். ஹைட்ராக்சைடை மட்டும் கடைசியில் தனியாகக் கேளுங்கள்.